டிராம் ஓடாத ஊரின் டிராம் ஞாபகம்

திருச்சிக்கு டிராம் வந்ததில்லை. மெயின்கார்டு கேட்டிலிருந்து காவிரிப் பாலம் ஏறி ஸ்ரீரங்கத்துக்கு ஒரு மின்சார வண்டி ஓடியிருக்கலாம்; ஓடவில்லை. ஆனால் டிராமின் ஞாபகம் இங்கே இருக்கிறது. ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதியிலோ உறையூரிலோ பொன்மலைக் குடியிருப்பிலோ, எண்பதைக் கடந்த ஒருவரிடம் சின்ன வயதில் மெட்ராஸ் போன கதையைக் கேட்டால், கடற்கரைக்கு முன்னால் டிராம் வந்துவிடுகிறது. அந்த மணிச் சத்தத்தை வாயாலேயே அடித்துக் காட்டுகிறார்கள். முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் ஓடி, எழுபது வருஷங்களுக்கு முன் நின்றுபோன ஒரு வண்டி, அது எட்டிக்கூடப் பார்க்காத ஊரில் இவ்வளவு துலக்கமாக நினைவிருப்பது ஏன் என்று வெகுநாளாக யோசித்து வருகிறேன்.

சென்னையிலேயே பிறந்து வளர்ந்த முதியவர்கள் டிராமைப் பற்றிப் பேசுவதையும் கேட்டிருக்கிறேன். அவர்கள் பேச்சில் கூட்டம் இருக்கும், தாமதம் இருக்கும், பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிப் போன பதற்றம் இருக்கும். நம் பக்கத்துக்காரர்கள் சொல்லும் டிராமில் இவை எதுவும் கிடையாது. இவர்கள் அதில் எங்கும் போகவேண்டிய அவசியத்தோடு ஏறவில்லை. ஏறிப் பார்க்க வேண்டும் என்றே ஏறினார்கள்.

அந்த வண்டியின் வரலாறு அப்படி ஒன்றும் சாதாரணமானதல்ல. 1895 மே 7 அன்று சென்னையில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. இந்தியாவில் அதுவே முதல். கல்கத்தாவிலும் பம்பாயிலும் அதற்கு வெகுகாலம் முன்பே டிராம் இருந்தது; ஆனால் அவற்றைக் குதிரைகள் இழுத்தன. கல்கத்தா டிராமுக்கு மின்சாரம் 1902இல் வந்தது, பம்பாய்க்கு 1907இல். லண்டன் தெருக்களில் மின்சார டிராம் ஒழுங்காக ஓடத் தொடங்கியதுகூட 1901இல்தான். சென்னை நகருக்கு மின்சாரம் வழங்கும் நிறுவனமே 1906இல்தான் அமைந்தது. அப்படியென்றால் பத்துப் பதினைந்து வருஷம், எண்ணெய் விளக்கு எரிந்த வீடுகளின் வாசல் வழியாக மின்சார வண்டி போய்வந்திருக்கிறது. பட்டணத்து ஜனங்களில் மிகப் பெரும்பாலோருக்கு மின்சாரம் என்ற ஒன்று முதன்முதலாக விளக்கின் உருவத்தில் வரவில்லை, வண்டியின் உருவத்தில் வந்தது.

தொடக்கத்தில் தலைக்கு மேலே கம்பி கிடையாது. இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில், தெருவுக்குக் கீழே ஒரு குழாய்போல வாய்க்கால் வெட்டி, அதற்குள் மின்கடத்தியை வைத்திருந்தார்கள். வாய்க்காலின் மேற்புறம் நெடுக ஒரு சின்ன இடுக்கு. வண்டியின் அடியிலிருந்து இறங்கும் ஒரு தகடு அந்த இடுக்கில் நுழைந்து, கடத்தியைத் தொட்டபடியே கூட வரும். பார்க்க அழகான ஏற்பாடு. தெருவில் கம்பம் இல்லை, கம்பி இல்லை. ஐப்பசியும் கார்த்திகையும் சென்னையில் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்கள் இதை யோசித்திருக்க மாட்டார்கள். மழைநீர் அந்த வாய்க்காலில் இறங்கி நின்றது, வண்டிகள் நின்றன. சில ஆண்டுகளில் அந்த முறையைக் கைவிட்டு மேலே கம்பி கட்டினார்கள். 1904இல் புதிய கம்பெனி பொறுப்பேற்றது. 1921 வாக்கில் 24 கிலோமீட்டர் தண்டவாளத்தில் 97 வண்டிகள் ஓடின. துறைமுகம், பாரிமுனை, ரிப்பன் கட்டிடம், பூந்தமல்லி நெடுஞ்சாலை, மவுண்ட் ரோடு என்று ஊரின் முக்கியமான இடங்களையெல்லாம் அது தொட்டுக்கொண்டு போனது.

வெளியூர்க்காரர்கள் வருவது இந்த இடத்தில்தான். தஞ்சாவூர், திருச்சி, மதுரைப் பக்கமிருந்து சென்னைக்குப் போவதை அந்தக் காலத்தில் பட்டணம் பார்க்கப் போவது என்பார்கள். வேலையாகப் போனாலும் சரி, கல்யாணத்துக்குப் போனாலும் சரி, ஒரு நாளாவது பட்டணம் பார்த்துவிட்டுத்தான் திரும்புவார்கள். அதற்கென்று ஒரு பட்டியல் இருந்தது. எழும்பூரில் செத்த காலேஜ், அதாவது அருங்காட்சியகம். மூர் மார்க்கெட்டுக்குப் பின்னால் உயிர் காலேஜ், அதாவது மிருகக்காட்சிசாலை. ஹைகோர்ட்டின் மேலே நிற்கும் கலங்கரை விளக்கம். கடற்கரை. மூர் மார்க்கெட்டில் ஏதாவது ஒரு சாமான். இவற்றுக்கு நடுவில், இவற்றுக்குச் சமமான மதிப்போடு, டிராம் ஏறுவது. மற்றவை எல்லாம் போய்ப் பார்க்கிற இடங்கள். இது ஒன்றுதான் உட்கார்ந்து பார்க்கிற இடம், அதுவே நகர்கிற இடமும்.

எனக்கு அத்தை முறையாகும் ஒருவர் 1950 வாக்கில், ஏழெட்டு வயதில், இப்படிப் பட்டணம் பார்க்கப் போயிருக்கிறார். அப்பாவும் அம்மாவும் தம்பியும் அவரும். விடியற்காலை எழும்பூரில் இறங்கி, ஜட்கா பிடித்து, சென்ட்ரல் எதிரே ராமசாமி முதலியார் சத்திரத்தில் தங்கல். குளித்து, கட்டிக்கொண்டு போன புளியோதரையைச் சாப்பிட்டுவிட்டு, சத்திரத்துக்குப் பக்கத்திலேயே டிராம் ஏறியிருக்கிறார்கள். பாரிமுனைவரை போனார்கள். அங்கே இறங்கவில்லை. அதே வண்டியிலேயே, அதே பெஞ்சிலேயே உட்கார்ந்து திரும்பி வந்துவிட்டார்கள்.

"எங்கம்மாவுக்குக் கோவம்டா. ஏங்க, எங்கயும் எறங்காம திரும்பி வர்றதுக்கு எதுக்குங்க ரெண்டுவாட்டி காசுன்னு கேட்டுச்சு. எங்கப்பா சிரிச்சாரு. அந்தப் போறதுக்கும் வர்றதுக்கும்தான் காசு, வேற எதுக்குன்னாரு."

அத்தைக்குப் பாரிமுனையில் பார்த்த ஒரு காட்சி அப்படியே இருக்கிறது. கடைசி நிறுத்தம் வந்ததும் கண்டக்டர் கீழே இறங்கினார். வண்டியின் கூரையிலிருந்து சாய்வாக மேலே போய்க் கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்த நீளக் கோலைக் கயிற்றால் இழுத்து இறக்கினார். கயிற்றைப் பிடித்தபடியே வண்டியைச் சுற்றி அரைவட்டமாக நடந்து, கோலை மறுபக்கம் சாய்த்து, மறுபடியும் கம்பியில் பொருத்தினார். பொருத்தும்போது நீலமாக ஒரு பொறி. இதற்குள் டிரைவர் தன்னுடைய கைப்பிடியைக் கழற்றி எடுத்துக்கொண்டு, ஜனங்களுக்கு நடுவே நடந்து, வண்டியின் அடுத்த முனைக்குப் போய் நின்றுகொண்டார். "வண்டி திரும்பவே இல்லடா. ஆளுதான் இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் போனாரு. பின்னாடி இருந்தது முன்னாடி ஆயிடுச்சு." அத்தை இதைச் சொல்லும்போது இரண்டு கைகளையும் உயர்த்தி அந்தக் கோலைச் சுற்றிக் காட்டுவார். தோள் வலி உள்ளவர். அதற்கு மட்டும் கை மேலே போகும்.

அவருடைய அப்பா உறையூரில் சின்னதாக ஒரு மளிகைக் கடை வைத்திருந்தவர். ஒரு நாள் கடை அடைத்தாலும் கணக்கு இடிக்கும். அப்படிப்பட்டவர் நான்கு நாள் கடையடைத்துவிட்டுப் போய், காரணமே இல்லாமல் ஒரு வண்டியில் ஏறி, போய், வந்து, அதற்கு வருத்தப்படாமல் காசு கொடுத்தார் என்பதுதான் எனக்கு முக்கியம். இன்பச் சுற்றுலா என்பது பணக்காரர்களுக்கும் துரைமார்களுக்கும் உரியதாக இருந்த காலம். ஊட்டிக்குப் போவதற்கும் கொடைக்கானலுக்குப் போவதற்கும் பங்களா வேண்டும், ஆள் வேண்டும். சில அணாக்களில் ஒரு மளிகைக் கடைக்காரருக்கு அதே சுகத்தைக் கொடுத்தது டிராம். எதிரில் ஆபீசுக்குப் போகிறவர் உட்கார்ந்திருப்பார், பக்கத்தில் கூடையோடு ஒரு அம்மாள் இருப்பார். அவர்கள் வேலையாகப் போகிறார்கள், இவர் வேடிக்கை பார்க்கப் போகிறார். சீட்டு எல்லோருக்கும் ஒன்றுதான். யாரும் இவரிடம் எதற்காக ஏறினாய் என்று கேட்கவில்லை, வீட்டுக்கார அம்மாவைத் தவிர.

மேற்கே டிராம் கம்பெனிகள் இந்த வேடிக்கை பார்க்கிற ஜனங்களைச் சீக்கிரமே கண்டுகொண்டன. அமெரிக்காவில் 1888இல் ரிச்மண்ட் நகரில் ஃபிராங்க் ஸ்ப்ரேக் மின்சார டிராமை வெற்றிகரமாக ஓட்டிக் காட்டிய பிறகு, ஊருக்கு ஊர் தண்டவாளம் போட்டார்கள். வாரநாட்களில் வண்டி நிறைந்தது. ஞாயிற்றுக்கிழமை காலியாக ஓடியது. மின்சாரத்துக்கும் ஆளுக்கும் ஆகிற செலவோ குறைவதில்லை. அதனால் கம்பெனிகளே தண்டவாளம் முடிகிற இடத்தில் பூங்கா அமைத்தன. ராட்டினம், நடன மேடை, படகுக் குளம் என்று வைத்தன. பிட்ஸ்பர்க் பக்கத்தில் 1898இல் டிராம் கம்பெனி தொடங்கிய கென்னிவுட் பூங்கா இன்றும் நடக்கிறது. அங்கே கொண்டுபோய் விட்ட டிராம் இல்லை. இங்கிலாந்தின் பிரைட்டன் கடற்கரையில் மாக்னஸ் வோல்க் 1883இல் போட்ட சின்ன மின்சார ரயில் இன்னும் ஓடுகிறது. கடலோரமாகப் போய் வருவதைத் தவிர அதற்கு வேறு வேலை அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

தமிழர்கள் புழங்கிய ஊர்களிலும் இதைப் பார்க்கலாம். பினாங்கில் 1906இல் மின்சார டிராம் வந்தது. ஜார்ஜ் டவுன் கடைவீதிகளிலிருந்து ஆயர் ஈத்தாம் வரை போகும் வழித்தடம் அதில் பேர்பெற்றது. அங்கே மலையடிவாரத்தில் சீனர்களின் பெரிய கோயில். 1923இல் மலைமேல் ஏறும் ரயிலும் வந்து சேர்ந்துகொண்டது. ஞாயிறு கழிக்கப் போகிறவர்களும் சாமி கும்பிடப் போகிறவர்களும் அதில் போனார்கள். 1936இல் டிராம் நின்றது. பின்னாளில் சாலை தோண்டியபோது வெளிப்பட்ட தண்டவாளத் துண்டை மூடிவிடாமல், போகிற வருகிறவர்கள் பார்க்கும்படி விட்டு வைத்திருக்கிறார்கள். கொழும்பில் 1899 தொடங்கி 1960 வரை டிராம் ஓடியது. அங்கே டிராம் என்றால் 1929இல் ஏ. ஈ. குணசிங்க முன்னின்று நடத்திய வேலைநிறுத்தமும் சேர்ந்துதான் நினைவுக்கு வரும்.

வரவும் வேண்டும். வேடிக்கை பார்த்தவர்களின் ஞாபகத்தில் அந்த டிரைவர் ஒரு சித்திரமாக நிற்கிறார். ஆனால் அவர் நாள் முழுக்க நின்றபடியே, காலால் மணியை மிதித்தபடியே வண்டி ஓட்டியவர். 1918இல் பி. பி. வாடியாவும் திரு.வி.க.வும் சென்னையில் ஆலைத் தொழிலாளர்களைத் திரட்டிச் சங்கம் கண்ட அந்த எழுச்சியிலேயே டிராம் தொழிலாளர்களும் சங்கம் அமைத்தார்கள். கம்பெனிக்கும் அவர்களுக்கும் கூலித் தகராறு நீண்டது. பஸ் வந்தது, சைக்கிள் பெருகியது, கம்பெனி வண்டிகளைப் புதுப்பிக்கவில்லை. 1953 ஏப்ரல் 12இல் எல்லாம் நின்றது. அப்போது ராஜாஜி முதலமைச்சர். வேப்பேரியில் டிராம் ஷெட் இருந்த நிலத்தைப் பெரியார் வாங்கினார்; அதுதான் பெரியார் திடல். பம்பாயில் 1964 மார்ச் 31 இரவு கடைசி டிராமை வழியனுப்பத் தெருவெல்லாம் ஜனங்கள் நின்றார்கள். சென்னைக்கு அப்படி ஒரு பெரிய வழியனுப்பல் நினைவில் தங்கவில்லை. ஆனால் அடுத்த வருஷம் பட்டணம் பார்க்கப் போன திருச்சிக்காரர்கள் ஏமாந்து திரும்பியிருப்பார்கள். பட்டியலில் ஒன்று குறைந்துவிட்டது.

அதன் இடத்தை ஓரளவு பிடித்தது மின்சார ரயில். அதற்கும் திருச்சிக்கும் நேரடிச் சம்பந்தம் உண்டு. இங்கே இருப்பவர்களே அதை மறந்துவிட்டார்கள். சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931இல் ஓடத் தொடங்கிய மின்சார ரயில், தென்னிந்திய ரயில்வே கம்பெனியுடையது. அந்தக் கம்பெனியின் இந்தியத் தலைமை அலுவலகம் திருச்சியில் இருந்தது. நாட்டில் மீட்டர் கேஜ் பாதையில் மின்சாரம் பாய்ந்தது அங்கேதான் முதல்தடவை. சைதாப்பேட்டையிலும் பல்லாவரத்திலும் ஏறி இறங்கியவர்களுக்கு அது சென்னையின் வண்டி. அதற்கான கோப்புகள் வந்துபோனதோ காவிரிக் கரையில். அதே கம்பெனி, படங்கள் போட்ட வழிகாட்டிப் புத்தகங்களைத் திரும்பத் திரும்ப அச்சிட்டு, கோயில்களையும் கடற்கரைகளையும் மலைகளையும் சொல்லி ஜனங்களை ரயிலேறச் சொன்னது. ஊர் சுற்றிப் பார்ப்பதை ஒரு வியாபாரமாகவே அது நடத்தியது.

நாகப்பட்டினத்தில் இருந்த கம்பெனியின் பணிமனை 1920களின் இறுதியில் பொன்மலைக்கு வந்தது. பொன்மலையைப் பற்றித் தனியாகவே எழுதவேண்டும். 1946 செப்டம்பர் 5இல் அங்கே போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் ஐந்து பேர் உயிரிழந்தார்கள். அவர்களை இன்றும் தியாகிகளாக நினைவுகூர்கிறார்கள். இந்தக் கட்டுரைக்கு வேண்டியது இன்னொரு செய்தி. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறும் நீலகிரி மலை ரயிலின் நீராவி எஞ்சின்கள் பழுதுபார்க்க வருவது பொன்மலைக்குத்தான். பழுதுபார்ப்பதோடு நிற்கவில்லை. நாடு முழுக்க நீராவி எஞ்சின் கட்டுவது நின்று பல பத்தாண்டுகள் ஆன பிறகு, 2011 முதல் அந்த மலைப்பாதைக்கென்று புதிய நீராவி எஞ்சின்களையே பொன்மலையில் உருவாக்கினார்கள். சுவிட்சர்லாந்துக்காரர்கள் நூறு வருஷம் முன்பு செய்த பல்சக்கர அமைப்பை இங்கே உள்ள ஃபிட்டர்களும் வெல்டர்களும் கடைசல்காரர்களும் திரும்பச் செய்தார்கள். 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த ஒரு இன்பப் பயண ரயிலை உயிரோடு வைத்திருப்பது டிராம் ஓடாத இந்த ஊர்தான். எங்கள் ஊரைப் பற்றி நான் பெருமைப்படும் காரியங்களில் இது முதல் வரிசையில் இருக்கிறது.

ஆனால் ஊட்டி ரயிலும் இன்று டிராம் கொடுத்ததைக் கொடுப்பதில்லை. முன்பதிவு செய்து, வெளியூரிலிருந்து வந்து, படம் எடுத்துக்கொண்டு போகிறவர்களின் வண்டியாகிவிட்டது. கல்கத்தாவிலும் அதுவே நடக்கிறது. 1873இல் குதிரையோடு தொடங்கிய அந்த டிராமை, 2024இல் மேற்கு வங்க அரசு மைதானத்தை ஒட்டிய ஒரு பாரம்பரியச் சுற்று தவிர மற்றபடி நிறுத்தப்போவதாக அறிவித்தது. எஸ்பிளனேடில் ஒரு டிராம் பெட்டியையே அருங்காட்சியகமாக்கி வைத்திருக்கிறார்கள். வைத்திருப்பது நல்லதுதான், இல்லாமல் போவதைவிட எவ்வளவோ மேல். 1939இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் இளைஞர்கள் சிலர் ஓய்வுபெற்ற ஒரு டிராம் பெட்டியை 150 டாலருக்கு வாங்கி ஒரு வயலில் நிறுத்தினார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் அங்குள்ள பெரிய டிராம் அருங்காட்சியகம். அவர்களின் பிரியத்தை நான் மதிக்கிறேன். இருந்தாலும் பாரம்பரியச் சுற்றில் ஏறுகிறவர்கள் எல்லோரும் சுற்றிப் பார்க்க வந்தவர்கள். எதிர் பெஞ்சில் ஆபீசுக்குப் போகிறவர் இல்லை, கூடைக்கார அம்மாள் இல்லை. மளிகைக் கடைக்காரர் அன்று பார்த்ததில் பாதி, பட்டணத்து ஜனங்கள் தங்கள் பாட்டுக்கு இருப்பதைத்தானே.

எங்கள் ஊரில் அந்தக் கலவை இன்றும் கெடாமல் இருக்கிற இடம் ஒன்றாம் நம்பர் பஸ். மத்தியப் பேருந்து நிலையத்தில் கிளம்பி, ஜங்ஷன், பாலக்கரை, மெயின்கார்டு கேட், சத்திரம் பேருந்து நிலையம் என்று ஊரின் வயிற்றுக்குள் புகுந்து வெளியே வந்து, காவிரிப் பாலம் ஏறி ஸ்ரீரங்கத்துக்குப் போகிறது. சத்திரத்தில் ஏறும்போது எல்லோரும் அவரவர் வேலையில் இருப்பார்கள். கல்லூரிப் பிள்ளைகள் போனில் இருப்பார்கள், காந்தி மார்க்கெட்டிலிருந்து காய்கறி மூட்டையோடு வந்தவர் மூட்டையைக் காலால் அணைத்தபடி கண்ணயர்ந்திருப்பார். பாலம் ஏறியதும் எல்லாத் தலைகளும் ஜன்னல் பக்கம் திரும்பும். மேட்டூரில் தண்ணீர் திறந்து ஐந்தாறு நாள் ஆகியிருந்தால் கேட்கவே வேண்டாம். "தண்ணி வந்துருச்சா?" என்று நடத்துநரே எட்டிப் பார்ப்பார். ஒரு பாட்டி முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு நாணயத்தை எடுத்து, கண்ணை மூடி என்னவோ சொல்லி, ஜன்னல் வழியாக ஆற்றில் எறிவார். பின்னால் மலைக்கோட்டை, முன்னால் 1987இல் நிறைவுபெற்ற ராஜகோபுரம். இரண்டுக்கும் நடுவே அரைக் கிலோமீட்டருக்கு மேல் நீளம் கொண்ட பாலத்தில், ஒரே சமயத்தில், அந்தப் பஸ்ஸில் இருக்கிற அத்தனை பேரும் சுற்றுலாப் பயணிகள் ஆகிவிடுகிறார்கள். அம்மா மண்டபம் படித்துறைப் பக்கம் இறங்கியதும் மறுபடி அவரவர் வேலை.

1976இல் கட்டிய அந்தப் பாலத்தைப் பழுதுபார்க்க 2022 இறுதியில் தொடங்கி மாதக்கணக்கில் மூடிவைத்தார்கள். பஸ்கள் புறவழிச்சாலை வழியாகச் சுற்றின. தூரமும் நேரமும் கூடியதைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள், பேசியதில் நியாயம் இருந்தது. அந்த மாதங்களில் ஸ்ரீரங்கத்தில் இருந்த எனக்கு இன்னொரு குறையும் தெரிந்தது. காரணத்தோடு வருகிறவர்கள் எப்படியும் சுற்றி வந்தார்கள். சும்மா வருகிறவர்கள் வருவதை விட்டுவிட்டார்கள். சாயங்காலம் படித்துறையில் வந்து உட்கார்ந்திருக்கும் தென்னூர்க்காரப் பெரியவர்களின் கூட்டம் கரைந்துபோனது.

அதற்கு முந்தைய வருஷம், 2021 மே மாதம், சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்று தமிழக அரசு ஆக்கியது. அதன் பலனை வேலைக்குப் போகிற பெண்களுக்கு மிச்சமாகும் பணத்தில் கணக்கிடுகிறார்கள். அந்தக் கணக்கு சரி. அதோடு, ஞாயிற்றுக்கிழமைகளில் திருவெறும்பூர்ப் பக்கத்திலிருந்தும் துவாக்குடிப் பக்கத்திலிருந்தும் பெண்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து தூக்குவாளியில் சோறு கட்டிக்கொண்டு அம்மா மண்டபத்துக்கு வருவதைப் பார்க்கிறேன். குளிக்கிறார்கள், சாப்பிடுகிறார்கள், கோயிலுக்குப் போகிறார்கள், சிலர் கோயிலுக்குப் போகாமலே ஆற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்புகிறார்கள். "இலவசம்னதும் வேலையில்லாம சுத்துறாளுங்க" என்று டீக்கடைகளில் ஒரு பேச்சு உண்டு. இதைக் கேட்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. வேலையில்லாமல் சுற்றட்டும். வாழ்நாள் முழுக்க வேலையாகவே வெளியே போய், வேலையாகவே வீடு திரும்பிய பெண்கள் அவர்கள். போய்வருவதற்காகவே போய்வருகிற சுகம், உறையூர் மளிகைக் கடைக்காரருக்கு ஒரு தடவை கிடைத்தது, அதை அவருடைய மகள் எண்பது வயதுவரை வைத்துக்கொண்டிருக்கிறார். இந்தப் பெண்களுக்கு அது வாராவாரம் கிடைக்கட்டுமே.

திருச்சிக்கு மெட்ரோ ரயில் கொண்டுவரலாமா என்று ஆய்வு நடந்து, இரண்டு வழித்தடங்கள், மொத்தம் 45 கிலோமீட்டர் அளவில், 2023இல் பேசப்பட்டன. ஒன்று துவாக்குடியிலிருந்து பஞ்சப்பூருக்கு. தொழிற்சாலைகளையும் புதிய பேருந்து முனையத்தையும் இணைப்பது. அதன் தேவை பார்த்தாலே புரியும். இன்னொன்று சமயபுரத்திலிருந்து வயலூருக்கு. ஒரு முனையில் மாரியம்மன், மறுமுனையில் முருகன், நடுவில் ஸ்ரீரங்கம், காவிரி, மலைக்கோட்டை. அமெரிக்கக் கம்பெனிகள் பூங்கா கட்டி வரவழைக்க வேண்டியிருந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் இந்தத் தடத்தில் ஏற்கெனவே இருக்கிறது, பல நூறு வருஷமாக இருக்கிறது. ஆடிப்பெருக்குக்கு ஆற்றங்கரை முழுக்கச் சித்திரான்னத்தோடு உட்கார்கிறது, மார்கழியில் வைகுண்ட ஏகாதசிக்குப் பரமபத வாசல் முன்னால் விடிய விடிய நிற்கிறது, சித்திரையில் சமயபுரத்துக்கு நடந்தே போகிறது.

ஆனால் இத்தகைய திட்டங்களுக்குக் கணக்குப் போடும் முறை வேறு. நெரிசல் மிகுந்த ஒரு மணி நேரத்தில் ஒரு திசையில் எத்தனை பேர் போவார்கள் என்பதே அடிப்படை எண். அந்த எண் போதுமானதாக இருந்தால் மெட்ரோ, குறைந்தால் அதைவிடச் சிறிய வண்டி, இன்னும் குறைந்தால் ஒன்றும் கிடையாது. இந்தக் கணக்கு காலை ஒன்பது மணிக்கு ஆபீஸ் போகிறவரை எண்ணிவிடும். மதியம் மூன்று மணிக்குப் பேத்தியைக் கூட்டிக்கொண்டு ஆறு பார்க்கக் கிளம்பும் பாட்டியை எண்ணாது. டிராம் ஒழிந்ததும் இப்படித்தான்: வேகத்தில் பஸ்ஸிடம் தோற்றது, கணக்கில் தோற்றது. அதில் ஏறி இறங்காமல் திரும்பி வந்தவர்கள் எந்தப் பத்தியிலும் இல்லை. திருச்சிக்கு மின்சார வண்டி எந்த உருவத்தில் வந்தாலும், அது காவிரியைத் தாண்டும்போது நிலத்துக்கு அடியிலோ அடைத்த கண்ணாடிக்குள்ளோ போய்விடாமல், ஆறு தெரியும்படி, நாணயம் போடும்படி இல்லாவிட்டாலும் பார்க்கும்படியாவது போகவேண்டும். அம்மா மண்டபத்துக்கு நடக்கிற தூரத்தில் ஒரு நிறுத்தம் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மதியம் வண்டிகளைக் குறைக்கக்கூடாது. திட்டம் போடுகிறவர்களிடம் இவற்றைக் கேட்பதற்கு நமக்கு வெட்கம் தேவையில்லை.

இன்னொன்று, இது நம்மாலேயே ஆகக்கூடியது. 1953இல் பத்து வயதாக இருந்தவர்கள் இன்று எண்பதைத் தாண்டிவிட்டார்கள். பட்டணம் பார்க்கப் போய் டிராமில் ஏறிய திருச்சிக்காரர்கள் இன்னும் சில வருஷங்களுக்குத்தான் நம்மோடு இருப்பார்கள். சென்னை டிராமைப் பற்றி எழுதியவர்கள் கம்பெனிக் கணக்குகளையும் பழைய பத்திரிகைகளையும் நம்பி எழுதினார்கள். வெளியூரிலிருந்து போய் ஏறியவர்கள் சொன்னதை யாரும் முறையாகச் சேகரிக்கவில்லை. ஜங்ஷன் பக்கத்தில் 2014இல் திறந்த ரயில்வே அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய எஞ்சின்களும் விளக்குகளும் டிக்கெட் இயந்திரங்களும் அங்கே வந்து சேர்கின்றன. தென்னிந்திய ரயிலில் எழும்பூர் போய் இறங்கியவர்களின் பேச்சும் அங்கே சேரலாம். மார்கழியில் வெளியூர்ப் பிள்ளைகள் ஊருக்கு வருவார்கள், எல்லோர் கையிலும் போன் இருக்கும். பெரியவர்களை ஒரு மணி நேரம் உட்காரவைத்துக் கேட்டால் போதும்: எந்த வருஷம், யாரோடு போனீர்கள், எங்கே தங்கினீர்கள், எந்த இடத்தில் ஏறினீர்கள், சீட்டுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள், பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள். அத்தை சொன்னதை நான் பதிவுசெய்துவிட்டேன். உறையூரிலும் பொன்மலையிலும் இன்னும் இருவர் பேசச் சம்மதித்திருக்கிறார்கள்.